பிலிம் செலவாகாத முகங்கள்

போன தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து வந்திருந்த அக்கா மகன், பலகாரத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுத் தன் போனில் ஒரு கெமராவைக் காட்டினான். ஏதோ ஒரு கம்பெனி புத்தம் புதிதாகப் பிலிம் கெமரா போட்டிருக்கிறதாம். பழையதைத் தூசு தட்டி விற்கவில்லை. புதிதாகவே செய்து, பெட்டியில் போட்டு, உத்தரவாதத்தோடு தருகிறார்களாம். வாங்கலாமா வேண்டாமா என்று கேட்டான். என்னிடம் யோசனை கேட்டுப் பொருள் வாங்குகிற அளவுக்கு அவன் முட்டாள் இல்லை. நான் கடைசியாக ஆழ்ந்து யோசித்து வாங்கியது ஒரு பெக்ஸ் மெஷின். அதுவும் ஊரே மின்னஞ்சலுக்குப் போன பிறகு. ஆகவே அவன் கேட்டது யோசனை அல்ல, ஆசீர்வாதம்.

விலையைக் கேட்டேன், சொன்னான். ரோல் விலையைக் கேட்டேன், அதையும் கூசாமல் சொன்னான். பதுளையில் அதைக் கழுவித் தர இப்போது ஆளில்லையே என்றேன். கொழும்பில் ஒருவர் இருக்கிறார், மாதக்கணக்கில் காக்க வேண்டும், அந்தக் காத்திருப்பே ஒரு சுகம் என்றான். அதுவரைக்கும் எனக்குக் கோபம் வரவில்லை. சம்பாதித்த காசை எந்த ஆற்றில் கரைப்பது என்பது அவனவன் பாடு.

"போன்ல ஆயிரம் படம் எடுத்துத் தள்ளுறோம் மாமா, ஒன்னையும் திரும்பிப் பார்க்கிறதில்ல. பிலிம்னா அப்படியில்ல. யோசிச்சு, ஆளப் பார்த்து, தேவைன்னாத்தான் அமுக்குவோம். அதுல ஒரு நேர்மை இருக்கு."

நேர்மை என்றான் பாருங்கள், அங்கேதான் என் வாயில் முறுக்கு நின்றுவிட்டது. ஆளைப் பார்த்துத்தான் அமுக்கினார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நின்றவன் நான்.

முதலில் டப்பாவைச் சொல்ல வேண்டும். பிலிம் ரோல் வரும் அந்தச் சின்ன டப்பா உங்களுக்கு ஞாபகம் இருக்கும்: கறுப்பு உடம்பு, சாம்பல் நிற மூடி. தெமோதரைக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அது இல்லாத வீடு கிடையாது. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு வைக்க, மூக்குத்தியைக் கழற்றிப் போட, சாமி மாடத்தில் கற்பூரம் கரையாமல் வைக்க. உள்ளே எதைப் போட்டாலும் மூடியைத் திறந்ததும் அடியிலிருந்து ஒரு புளித்த மருந்து வாசனை எழும்பும். பதுளையிலிருந்து கலியாணத்துக்கு வரும் ஸ்டூடியோ ராசு அண்ணன் ரோல் மாற்றும்போது பெண்கள் கை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். அவரும் டப்பாவைத் தாராளமாகக் கொடுப்பார். இன்றைக்கு யோசித்தால், பிலிம் என்கிற பொருளில் எங்கள் லயங்களுக்கு ஒழுங்காகக் கிடைத்தது அந்த டப்பா மட்டும்தான்.

லயம் என்றால், தொழிலாளர் குடும்பங்களுக்காக வெள்ளைக்காரன் வரிசையாகக் கட்டிப்போட்ட அறைகள். பின்னால் வந்தவர்கள் கூரையை மாற்றித் தருவதாக வாக்குக் கொடுத்தே அதைப் பேணி வந்தார்கள். நான் லயத்துக்காரன் இல்லை. என் அப்பா தோட்டத்துப் பள்ளிக்கூட மாஸ்டர். அதனால் எங்களுக்குத் தனி வீடு, கலியாணங்களில் முன்வரிசை நாற்காலி, பந்தியில் இரண்டாவது வடை. இவற்றுக்கெல்லாம் நான் செய்த சாதனை, அவருக்குப் பிறந்தது.

லோகு என்னோடு படித்தவன். கீழ் லயம். அப்பா இல்லை, அம்மா மாரியாயி கொழுந்து பறித்து அவனையும் அவன் அக்காவையும் வளர்த்தார். பள்ளிக்கூடம் முடிந்ததும் நான் மேலே படிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு வீட்டில் கதைப் புத்தகம் படித்தேன். அவன் கொழும்பில் ஒரு பலசரக்குக் கடையில் மூட்டை பிரித்தான். தொண்ணூறுகளின் நடுவில் அவன் அக்காவுக்குக் கலியாணம் வந்தது. கொழும்பிலேயே வாங்கிய வெளிர்நீலச் சட்டையோடு வந்து இறங்கினான். பத்தொன்பது வயது. எங்கள் செட்டில் பார்க்கும்படியாக இருந்தவன் அவன் ஒருவன்தான். கூட நின்றதால் எனக்கு ஏற்பட்ட நஷ்டத்தை வைத்துச் சொல்கிறேன்.

தாலி கட்டி முடிந்ததும் மாரியாயி ராசு அண்ணனிடம் போனார். "அண்ணே, எம் மவன மட்டும் தனியா ஒன்னு எடுங்க. ஊரு விட்டு ஊரு போயிக் கெடக்குறான், வீட்டுல மாட்டி வைக்கணும்."

"எடுத்துருவோம்மா. தம்பி, இப்படி வாங்க."

அவனை வாழைமரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார். நாடியைத் தூக்கச் சொன்னார். கூடிப்போச்சு, கொஞ்சம் இறக்குங்க என்றார். ஒரு தோளை முன்னுக்குக் கொண்டுவரச் சொன்னார். திரும்பவும் நாடி. கொலரை அவரே வந்து நிமிர்த்திவிட்டார். பல்லுத் தெரியாமச் சிரிங்க என்றார். பார்த்துக்கொண்டிருந்த நான், அந்தக் காலத்தில் எல்லாவற்றையும் கலை என்று மதிக்கும் வியாதி பிடித்தவன், ஒரு சிற்பியைப் பார்ப்பது போலப் பார்த்தேன். பிளாஷ் அடித்தது. மாரியாயி கண்ணைச் சிமிட்டிக்கொண்டு சிரித்தார். பிறகு லயத்துப் பெடியன்கள் எல்லாம் தலை சீவிக்கொண்டு வந்து நிற்க, அவர்களுக்கும் அடித்தார்.

அல்பம் வந்தது. தோட்டத்து ஆபீஸின் பெரிய கிளாக்கர் குடும்பத்தோடு, கிளாக்கர் குடும்பமில்லாமல், கணக்கப்பிள்ளை கைகுலுக்கியபடி, என் அப்பா இருமியபடி. என்னை எடுத்தவை ஏராளம். அநேகமாக எல்லாவற்றிலும் மென்றுகொண்டிருந்தேன். லோகுவின் படம் இல்லை, பெடியன்கள் படமும் இல்லை. "அதுல மட்டும் வெளிச்சம் பட்டுப் போச்சும்மா" என்றார் ராசு அண்ணன். நம்பினோம். பிலிமுக்கு வெளிச்சம் ஆகாது என்று விஞ்ஞானப் பாடத்தில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அது எந்த லயத்து வெளிச்சம் என்று சொல்லிக் கொடுக்கவில்லை.

சில மாதங்கள் போயிருக்கும். யுத்தக் காலம். கொழும்பில் லோகு தங்கியிருந்த இடத்தைப் பொலிஸ் சுற்றிவளைத்து, அடையாள அட்டை இல்லாத தமிழ்ப் பெடியன்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவனுடைய அட்டை, பெயரில் ஒரு திருத்தம், பிறந்த பதிவில் ஒரு குழப்பம் என்று, பள்ளிக்கூட நாளில் ஒட்டிக் கொடுத்த ஒரே படத்தோடு அரசாங்கக் கந்தோர் கந்தோராகச் சுற்றிக்கொண்டிருந்தது. கடைக்கார முதலாளிக்கு எந்தப் பொலிஸ் என்றுகூடத் தெரியவில்லை. பதுளையில் ஒரு வக்கீலிடம் போனோம். "பேர மட்டும் வச்சுத் தேட ஏலாது. அந்தப் பேர்ல எத்தனையோ பேர் உள்ள இருப்பாங்க. ஒரு படம் கொண்டுபோங்க" என்றார்.

படம்.

மாரியாயி என்னையும் கூட்டிக்கொண்டு நேரே ஸ்டூடியோவுக்குப் போனார். வெளிச்சம் பட்டாலும் பரவாயில்லை, புகை மாதிரித் தெரிந்தாலும் போதும் என்றார். ராசு அண்ணன் தேடிப் பார்க்கிறேன் என்று இழுத்தார். நான் நெகட்டிவைக் கேட்டு வாங்கி டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தேன். ஓரத்தில் எண்கள் ஒழுங்காக ஓடின. தாலி கட்டு, அடுத்தது கிளாக்கர் குடும்பம், அடுத்தது பந்தியில் நான். இடையில் கெட்டுப்போன கட்டம் ஒன்றுமில்லை. வாழைமரமே இல்லை.

"அண்ணே, வெளிச்சம் பட்ட படம் எங்க?"

அவர் நெகட்டிவை என் கையிலிருந்து வாங்கிச் சுருட்டினார். "மாஸ்டர் மவன், நீங்க படிச்ச ஆளு, ஒங்களுக்குப் புரியும். ரெண்டு ரோலுக்குத்தான் பேச்சு. வந்து நிக்கிற எல்லாருக்கும் பிலிம் போட்டா நான் கடையப் பூட்டிட்டுக் கொழுந்து பறிக்கத்தான் போகணும். பிளாஷுக்குத் தனியா ஒரு பட்டன் இருக்கு, அத அமுக்குனா வெளிச்சம் மட்டும் வரும். எல்லா ஸ்டூடியோக்காரனும் செய்யிறதுதான். சனமும் சந்தோஷமாப் போவுதுல்ல."

படித்த ஆளுக்கு அது புரியத்தான் செய்தது. யாருக்குப் பிலிம், யாருக்கு வெறும் வெளிச்சம் என்பதை அவர் காலைப் பார்த்தே தீர்மானித்திருக்கிறார். சப்பாத்துக் கால் என்றால் பெரிய பட்டன், வெறுங்கால் என்றால் சின்னப் பட்டன். என் கோபத்தைவிட எனக்கு இன்று வரைக்கும் ஞாபகம் இருப்பது மாரியாயி கேட்ட கேள்வி. அவர் சத்தம் போடவில்லை.

"அப்ப எதுக்குப்பா அவன் நாடிய அத்தன தரம் தூக்கச் சொன்ன?"

ராசு அண்ணன் கண்ணாடிக்குக் கீழே கிடந்த சீப்பை எடுத்து நேராக வைத்தார்.

அல்பத்தைத் திரும்பத் திரும்பப் புரட்டினோம். பந்தியில் நான் வாய் பிளந்திருக்கும் ஒரு படத்தில், என் இலைக்கு மேலே சாம்பார் வாளியோடு நீண்டிருந்த கை அவனுடையது. நீலச் சட்டைக் கை, மணிக்கட்டு, விரல். தோளோடு படம் முடிந்துவிட்டது. வேறு வழியில்லாமல் அதை எடுத்துக்கொண்டு கொழும்புக்கு ரயில் ஏறினோம். எனக்குக் கொஞ்சம் சிங்களம் வரும் என்பதால் பேசும் பொறுப்பு என்னுடையது.

போன முதல் ஸ்டேஷனில் ஒரு சார்ஜன்ட் படத்தை வாங்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பவும் படத்தைப் பார்த்தார்.

"இது நீதானே?"

"ஆமா சேர்."

"நீதான் இங்க நிக்கிறியே. யாரத் தேடுற?"

நான் அந்தக் கையின் மேல் விரலை வைத்தேன். அவர் உள்ளே இருந்த இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டினார். விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிற்பாடு எழுத்தில் எத்தனையோ பேரைச் சிரிக்க வைக்க முயன்றிருக்கிறேன். அப்படி ஒரு வெற்றி அமையவில்லை. சிரித்து முடித்து என் அடையாள அட்டையை வாங்கி வெகுநேரம் பார்த்தார்கள். காணாமல் போனவன் கிடைத்துவிட்டான் என்று என்னையே உள்ளே வைத்து விஷயத்தை முடித்துவிடுவார்களோ என்று பயந்து வாசலுக்குள்ள தூரத்தை அளந்துகொண்டேன்.

"என்னவாம் தம்பி, ஏன் சிரிக்கிறாங்க?" என்று மாரியாயி கேட்டார்.

"தேடிப் பார்க்கிறாங்களாம்மா."

போன இடமெல்லாம் அதே படம், அதே சிரிப்பு. நாங்கள் அவனைக் கண்டுபிடிக்கவில்லை. ஒரு மழைக்காலம் முழுவதும் கழிந்த பிறகு, வழக்கு ஒன்றும் இல்லை என்று அவர்களாகவே விட்டுவிட்டார்கள். தெமோதரையில் ரயில் இறங்கி நடந்தே வந்தான். பாதி ஆளாகியிருந்தான், முன்பல்லில் ஒன்று இல்லை. இரண்டு நாள் கழித்து என்னிடம் பேச்சுக் கொடுத்தான்.

"என்னைய அங்க படம் புடிச்சாங்கடா. நெஞ்சுல நம்பர் பலகையக் குடுத்து, நேரா ஒன்னு, பக்கவாட்டுல ஒன்னு."

அம்மா சொல்லி அவனுக்கு ஸ்டூடியோ விஷயம் தெரிந்திருந்தது. "பிலிம் போட்டா?" என்று கேட்டேன்.

"போட்டுத்தான். ஒவ்வொன்னுக்கும் கட்டவெரலால பிலிம் சுத்துற அந்தக் கம்பியத் தள்ளுனான், கர்ருன்னு சுத்துச்சு. நம்ம ராசு அண்ணன் தள்ளவேயில்ல. எனக்கு இப்பத்தான் வெளங்குது."

"நாடியத் தூக்கச் சொன்னானா?"

"அவனே கையால தூக்கிவிட்டான்."

இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எதையாவது எடுத்து உடைக்க வேண்டும்போல இருக்கிறது.

இதையெல்லாம் தீபாவளி அன்று அக்கா மகனுக்குச் சொன்னேன். உன் காசு, நீ வாங்கிக்கொள். உன் கோப்பிக் கோப்பையையும் உன் ஜன்னலில் வழியும் மழையையும் வேண்டிய மட்டும் எடு. அதற்கு அந்தக் கெமரா வெகு பொருத்தம். ஆனால் தட்டுப்பாட்டை நேர்மை என்று மட்டும் என்னிடம் சொல்லாதே. யோசித்து அமுக்குகிறவன் என்ன யோசிக்கிறான் என்பது, எதிரே நிற்பவனுக்குத்தான் தெரியும். பிலிம் மிச்சம் பிடிக்க ஆரம்பித்ததும் எந்த முகத்தில் மிச்சம் பிடிப்பது என்ற கேள்வி வருகிறது. அந்தக் கேள்வி எங்கள் ஊரில் ஒரு தடவைகூடப் பெரிய கிளாக்கர் வீட்டு வாசலில் போய் நின்றதில்லை. இன்று லயத்துப் பிள்ளைகள் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் நின்று உதட்டைக் குவித்து ஆயிரம் படம் எடுக்கிறார்கள், ஒன்றையும் திரும்பிப் பார்ப்பதில்லை. நன்றாக எடுக்கட்டும். ஆயிரமும் விழுகிறதே.

"மாமா, நான் கெமராவத்தான் கேட்டேன்" என்றான் அவன். நியாயம்தான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ராசு அண்ணனின் ஸ்டூடியோ போய், அந்த இடத்தில் போன் கவர் தொங்கும் கடை வந்தது. பெட்டி பெட்டியாகக் கிடந்த நெகட்டிவை என்ன செய்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. அந்த நாட்களில்தான் லோகுவுக்குக் கட்டாரில் டிரைவர் வேலை ஒன்று சரிவந்தது. போவதற்கு, இவன் மேல் குற்றம் ஒன்றும் இல்லை என்று கொழும்பில் பொலிஸ் ரிப்போட் எடுக்க வேண்டும். பழைய கதை ஏதாவது கிளம்பினால் வேலை போய்விடும் என்று அவன் பயந்துகொண்டிருந்தான். மாரியாயிக்கு அந்தப் பயமெல்லாம் இல்லை.

"போறதுதான் போற, அந்தப் படத்தக் கேட்டு வாங்கிட்டு வா. அவங்களுக்கு இனி எதுக்கு அது?"

நானும் கூடப் போனேன். கவுண்டரில் இருந்தவர் நல்ல மனிதர். தேடிப் பார்த்துவிட்டு, பழைய பைல்களெல்லாம் அழித்தாகிவிட்டது, உன் பேரில் இங்கே ஒன்றுமே இல்லை, சந்தோஷமாகப் போ என்றார். லோகு நகரவில்லை.

"படமும் சேத்தா சேர்?"

"எல்லாந்தான்" என்றார் அவர், பெரிய உபகாரம் செய்த முகத்தோடு.

கட்டாருக்குத் தடையில்லை. பத்தொன்பது வயதில் அவன் எப்படி இருந்தான் என்பதற்கு உலகத்தில் இருந்த இரண்டே படங்களும், நேரானதும் பக்கவாட்டானதும், இல்லை. ஊருக்கு வந்து ரிப்போட்டை அம்மாவின் கையில் கொடுத்தான். எழுதப் படிக்கத் தெரியாத மாரியாயி அதை முன்பக்கம் பார்த்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்.

"படம் இல்லையேடா. என்னதான் எழுதியிருக்கு இதுல?"

"என்னையப் பத்தி அவங்ககிட்ட ஒன்னுமே இல்லன்னு எழுதியிருக்கும்மா."