பாதி அறுத்த மரம்

போன வாரம் முதலிபாளையத்தில் மருமகன் வேலை பார்க்கும் பனியன் கம்பெனிக்குப் போயிருந்தேன். பாய்லர் ஆவியை விட்டது. புஸ்... புஸ்... சட்டென்று குனிந்து தலையைப் பொத்திக்கொண்டேன்.

"ஏனுங்க பெரியவரே, பாய்லருக்கா பயப்படறீங்க?" என்று காவலாளி சிரித்தார்.

இருவாச்சிப் பறவை தலைக்கு மேல் பறந்து நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? அதன் இறக்கைக்கும் இதே சத்தம்தான்.

அறுபதுகளில் எங்கள் ஊர்ச் சாயப்பட்டறை அடுப்புகளுக்கு விறகு போதாது. ஐந்தாவதோடு படிப்பை விட்டு, எந்த வேலையிலும் ஒரு மழைக்காலம் தாண்டாத நான், காசிம் பாயின் லாரியில் சுமை ஏற்ற ஆனைமலைக் காட்டுக்குப் போனேன். குளிர், அட்டை. சோறு கிடைத்தது, போதும்.

அன்று மரம் வெட்டும் பொன்னானும் அவன் தம்பியும் ஒரு கிழட்டு மரத்தைப் பாதி அறுத்துவிட்டார்கள். அப்போதுதான் இருவாச்சி ஒன்று வந்து, உயரத்தில் மண் பூசி அடைத்த பொந்தருகே உட்கார்ந்தது. பூச்சில் ஒரு சந்து. உள்ளிருந்து ஓர் அலகு நீண்டு பழத்தை வாங்கிக்கொண்டது. பெட்டை தன்னை உள்ளே வைத்து அடைத்துக்கொண்டு அடைகாக்கும், ஆண்தான் ஊட்டும்.

பொன்னான் ரம்பத்தை விட்டான். "உள்ள புள்ளத்தாச்சி இருக்குதுங்க."

"அங்க பட்டறைல அடுப்பு அணையப்போவுது, நீ பேறுகாலம் பாக்கறியா?" என்ற காசிம் பாய்தான், அதிர்வு வேண்டாமென்று ஓடிப்போய் லாரி எஞ்சினை நிறுத்தினார்.

"ஏறி எடுத்துரலாமா?" என்றேன்.

"பாதி அறுத்த மரமுங்க. இனி யாரு பேச்சும் கேக்காது. தள்ளி நில்லுங்க" என்றான் பொன்னான்.

விடவும் வழியில்லை, வெட்டவும் மனமில்லை. ஆண் வந்து உட்காரும்போதெல்லாம் அடிமரம் முனகியது. வராதே என்று மனதுக்குள் கும்பிட்டேன். வராவிட்டால் உள்ளே பட்டினி.

மரத்தைப் பறவை சாய்க்கவில்லை. சாயங்காலக் காற்று சாய்த்தது. தலையைப் பொத்திக்கொண்டு விழுந்தேன். அடியில் மண் அதிர்ந்தது. பொந்தில் இருந்ததைப் பொன்னான் தன் துண்டில் சுற்றிப் புதைத்தான். பிறகு, புஸ்... புஸ்... ஆண் வந்தது. பொந்து இருந்த உயரத்தில், வெறும் காற்றில், பழத்தைக் கவ்வியபடி சுற்றிச் சுற்றி வந்தது.

அந்த மரம் பட்டறையில் ஒரு வாரம்கூட எரியவில்லை. பனியன்கள் நன்றாக வெளுத்தன.

இப்போது அந்தச் சரிவில் வரிசையாகத் தேக்கு நிற்கிறது. பச்சைக்குக் குறைவில்லை. ஆனால் ஒரு பொந்து விழ, மரம் பல தலைமுறை நின்று கிழடாக வேண்டும். அதற்கு முன்பே அறுத்துவிடுவார்கள்.

போய் நின்று பார்த்தேன். தலைக்கு மேல் எந்தச் சத்தமும் இல்லை. அங்கே யாரும் குனிய வேண்டியதில்லை.