ஷாஃப்ட்டுக்குத் தோல் வளையம் தேடி வாணியம்பாடிக்கு

பழவேற்காட்டிலிருந்து சென்னைப் பட்டணத்துக்குக் கால்வாய் வழியே சவுக்கு விறகு ஏற்றும் மோட்டார் படகு என்னுடையது. எனக்கு வீடும் அதுதான். மாசி மாதம், பின்புறம், தண்ணீருக்குள் இருக்கும் விசிறியைச் சுழற்றும் ஷாஃப்ட் வெளியே போகும் துளை வழியாகத் தண்ணீர் உள்ளே வர ஆரம்பித்தது. துளையைச் சுற்றித் திணிக்கும் எண்ணெய்ச் சணல் ஒரு நடைக்குக்கூடத் தாங்கவில்லை. விறகு இன்னொரு முறை நனைந்தால் வேறு படகு பார்த்துக்கொள்வதாக மண்டிக்காரர் சொல்லிவிட்டார். சணலுக்குப் பதில் எருமைத் தோலில் வளையம் போட்டால் நிற்கும் என்று கேள்விப்பட்டேன். எண்ணூர்ப் பக்கம் படகைச் சேற்றில் தரைதட்ட வைத்து, துளையைச் சணலால் அடைத்துவிட்டு, ஷாஃப்ட்டின் மேல் இருக்கும் பித்தளைக் குழலைக் கழற்றிச் சாக்கில் சுற்றிக்கொண்டு கிளம்பினேன்.

சென்ட்ரலில் காலை பாசஞ்சர், மூன்றாம் வகுப்பு. நூற்றிருபது மைலுக்குச் சற்று மேல். காட்பாடியில் வண்டி வெகுநேரம் நிற்கும், அங்கேயே சாப்பிட்டுவிடுவது நல்லது. பெட்டி நிறையக் குடும்பங்கள். சாக்கை மடியில் வைத்திருந்த என்னிடம் யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

வாணியம்பாடி ஸ்டேஷனில் இறங்கியதும் தோல் வாடை வழி காட்டும். ஜட்காக்காரர் என்னைக் கரீம் பாய் கடையில் இறக்கினார். தோல் பட்டைகளும் பம்புகளுக்கு வளையங்களும் வெட்டித் தருகிறவர். குழலை வாங்கி விரலால் தடவினார்.

"இன்னாங்க இது, இவ்ளோ பள்ளம்? இதும் மேல எந்தத் தோலப் போட்டாலும் அறுத்துடும்."

"தெரியும் பாய். புதுக் குழல் பட்டணத்துலயே கிடைக்கல. கடைசல் போட்டுச் சமமாக்க முடியுமா?"

"தோல் கிடங்குல ஃபிட்டர் ஒருத்தர் கீறாரு. குடுத்துப் பாக்கலாம். குழல் மெலிஞ்சிடும், அந்த அளவுக்கு வளையம் வெட்டறேன். கொழுப்புல ஊறணும். நாளைக்கு சாயங்காலம் வாங்க."

மறுநாள் வெள்ளிக்கிழமை. தொழுகை நேரத்தில் கடைகள் அடைத்திருந்தன. பாலாற்று மணலில் போய் உட்கார்ந்தேன். ஆற்றில் தண்ணீரே இல்லை. தெருவெல்லாம் உருது. தமிழ் பேசியவர்களும் தங்களுக்குள் பேசிக்கொண்டு போனார்கள். நாலு மாதமாக நான் பேசியதெல்லாம் விறகுக் கணக்குதான் என்பது அங்கேதான் உறைத்தது.

சாயங்காலம் கரீம் பாய் தன்னோடு உட்காரவைத்துச் சோறு போட்டார்.

"வூட்ல யாரெல்லாம் கீறாங்க?"

"பொண்டாட்டி இருந்தா. போன ஐப்பசில காய்ச்சல்ல போய்ட்டா."

அவர் என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார். கடைசலில் பளபளத்த குழலையும், கொழுப்பு மினுங்கும் வளையங்களையும் துணியில் கட்டிக் கொடுத்தார்.

எண்ணூர் திரும்பி, தண்ணீர் வற்றிய நேரம் பார்த்து வேலையைத் தொடங்கினேன். ஷாஃப்ட் மாட்ட உள்ளே ஒருவர், வெளியே ஒருவர் வேண்டும். வெளியே நின்று விசிறியைப் பிடித்துக்கொள்வது எப்போதும் என் மனைவிதான். இந்தத் தடவை விசிறியைக் கயிற்றால் முளையில் கட்டினேன். உள்ளே ஒரு திருகு திருகி, வெளியே இறங்கிப் பார்த்து, மறுபடியும் ஏறினேன். அரை நாள் வேலை ஒரு நாளை விழுங்கியது.

மறுநாள் காலை தண்ணீர் ஏறியதும் படகு மிதந்தது. கயிற்றை அவிழ்த்துவிட்டு மோட்டாரை மெதுவாக ஓடவிட்டேன். குனிந்து வளையத்தையே பார்த்தேன். ஒரு சொட்டு கசிந்தது, பிறகு நின்றுவிட்டது. என்னையறியாமல் கத்தினேன்: "சுத்துதா?"

கத்தி முடித்த பிறகுதான் வெளியே யாரும் இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

"சுத்துது, சுத்துது! நல்லாவே சுத்துது!" என்று கரையிலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

மேலே ஏறி வந்து பார்த்தபோது, மீன்கூடை சுமந்த ஒரு அம்மாள் கொஞ்ச தூரம் போயிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. அவர் மறையும் வரை நின்றுகொண்டிருந்தேன்.

இந்த வேலையாக வாணியம்பாடி போகிறவர்கள் வெள்ளிக்கிழமையைத் தவிருங்கள். அளவை எழுதிக்கொண்டு போகாதீர்கள், குழலையே கொண்டு போங்கள். வளையம் போட்டபின் அதை அழுத்தும் திருகுமறையை மெல்ல மெல்ல முடுக்குங்கள், ஒரேயடியாக இறுக்கினால் தோல் கருகிவிடும். தனியாக மாட்ட நேர்ந்தால் கரையில் போகிற யாரையாவது கூப்பிடுங்கள். முன்பின் தெரியாதவர்களும் பதில் சொல்கிறார்கள்.