நான் இருக்காத விரதம்

எங்கள் குடும்பத்தில் ஒரு பெண்பிள்ளை சாப்பிடாமல், பேசாமல், மூலையில் படுத்துக் கிடந்தால் அதற்கு இரண்டே காரணம்தான்: காதல், இல்லாவிட்டால் பக்தி. பதினாறு வயதில், பள்ளியில் படிவம் நான்கில் இருந்தபோது நான் அப்படிக் கிடந்தேன்; அம்மா முதலில் என் கைப்பேசியைத்தான் குடைந்தார். பையன் எவனும் அகப்படவில்லை. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்திருக்கும். நல்லவேளையாகத் தைப்பூச விரதம் தொடங்கியது, அம்மாவின் கவலை தீர்ந்தது.

ஈப்போவில் எங்கள் வீட்டில் விரதம் என்றால் கறி மீன் கிடையாது, ஒருவேளைச் சாப்பாடு, தரையில் பாய், டிவி இல்லை. வருடாவருடம் பால்குடம் எடுக்கும் அம்மா அந்த வருடம் என்னையும் சேர்த்துக்கொண்டார். நான் மறுக்கவில்லை. மறுப்பதற்கும் தெம்பு வேண்டும். எனக்கோ பல வாரமாகச் சோறு மண்ணாக இருந்தது. கட்டிலில் ஏறிப் போர்வையை இழுப்பதே பெரிய வேலையாகத் தெரிந்ததால் தரையில்தான் படுத்துக் கிடந்தேன். உயிராக ஆடிய பூப்பந்தை விட்டாயிற்று. தோழிகளின் செய்திகளுக்குப் பதில் போடுவதில்லை. ஆகமொத்தம், விரதத்தின் சட்டதிட்டம் அத்தனையையும் நான் முன்கூட்டியே கடைப்பிடித்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பாயில் சுருண்டு கிடந்த என்னைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன. கோப்பெங்கிலிருந்து பெரியம்மா நேரிலேயே தரிசனத்துக்கு வந்துவிட்டார்.

"முகத்துல என்னா ஒரு அமைதி பாரு," என்றார்.

"அது சரிக்கா. ஆனா குளிக்கவே மாட்டேங்குறா. விரதம்னா ரெண்டு வேள குளிக்கணும்லா."

"சித்தருங்க என்னா ஷாம்பு போட்டா குளிச்சாங்க? வுடு லா."

இந்த மருத்துவ அறிவை வைத்துக்கொண்டு எங்கள் சொந்தம் இத்தனை தலைமுறை பிழைத்ததே பெரிய அதிசயம். ஒருநாள் காரணமே இல்லாமல் அம்மாவிடம் எரிந்து விழுந்தேன். விரதச் சூடு என்று இளநீர் வாங்கிக் கொடுத்தார்.

தைப்பூசத்தன்று பால்குடம் தூக்கிக் கோயிலுக்கு நடந்தேன். மேளச் சத்தத்தில் சுற்றியிருந்தவர்களுக்கெல்லாம் அருள் வந்தது. எனக்கு அழுகைகூட வரவில்லை. எனக்கு என்னமோ ஆகிவிட்டது என்று முருகனிடமாவது சொல்ல நினைத்தேன், அதையும் முடிக்கவில்லை. ரொம்பப் பயமாக இருந்தது.

இடும்பன் பூசையோடு விரதம் முடிந்தது. மறுநாள் அம்மா நண்டுப் பிரட்டல் செய்தார். நண்டு என்றால் நான் ஓட்டைக்கூடச் சும்மா விடமாட்டேன். வீடெல்லாம் மணந்தது. நான் பாயை விட்டு எழவில்லை. அம்மா கரண்டியோடு வந்து நின்றார்.

"விரதம்தான் முடிஞ்சிருச்சே, எந்திரி லா."

"பசிக்கல மா."

"நண்டு டி."

"வேணாம் மா."

அம்மா கரண்டியைத் தரையில் வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். கரண்டியைத் தரையில் வைப்பது எங்கள் வீட்டில் நடக்காத காரியம்.

"எப்பலேருந்து இப்படி இருக்கு?"

"விரதத்துக்கு முன்னாலேருந்தே."

"அப்ப நீ விரதமே இருக்கலியா?"

"இல்ல மா. எதுவுமே புடிக்கல. எந்திரிக்கவே முடியல."

அம்மா எழுந்துபோய் நண்டுச் சட்டியை மூடி வைத்தார்.

அடுத்த நாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு என்னை அரசாங்க கிளினிக்குக்கு அழைத்துப்போனார். மலாய்க்கார டாக்டர் என்னைக் கேட்ட கேள்விக்கெல்லாம் அம்மாதான் பதில் சொன்னார். கடைசியில் டாக்டர் மனச்சோர்வு என்றதும் சண்டைக்குப் போனார்: பிள்ளை அழவே இல்லையே, அது எப்படி? எல்லாப் பிள்ளையும் அழாது, சிலது எரிந்து விழும், சிலது படுத்தே கிடக்கும், பிடித்ததெல்லாம் பிடிக்காமல் போகும் என்றார் டாக்டர். அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பழகிய தன் அரைகுறை மலாயில் விரதக் கதை முழுவதையும் சொன்னார். டாக்டர் சிரிக்கவில்லை.

"நாங்களும் நோன்பு இருக்கிறோம், அக்கா. பெருநாள் வந்தால் சாப்பிட்டுவிடுவோமே," என்றார்.

அம்மா என் கையைப் பிடித்தார். வீடு வரும்வரை விடவில்லை. ஒரு கையால் கார் ஓட்டினார். அன்று என் உயிருக்கு இருந்த பெரிய ஆபத்து அதுதான்.

ஒரே நாளில் ஓடிப்போக இது பேயா என்ன? மாதக்கணக்கில் கிளினிக்குக்கு அலைந்தோம். பேசினேன், மருந்து சாப்பிட்டேன், நடுவில் மறுபடி விழுந்தேன், எழுந்தேன். அடுத்த விரதம் வந்தபோது பூப்பந்து ஆடுமளவுக்கும் அம்மாவை எதிர்த்துப் பேசுமளவுக்கும் தேறியிருந்தேன். வீடு கழுவி, சட்டி பானை மாற்றி, அம்மா தன் விரதத்தைத் தொடங்கினார். ஒரு மதியம் கொல்லைப்பக்கம் தனி அடுப்பு வைத்து எனக்கு மீன் பொரித்தார். வந்திருந்த பெரியம்மாவுக்கு மூச்சே நின்றுவிட்டது.

"விரத வீட்டுல மீனா? முருகனுக்கு என்னா பதில் சொல்லப் போற?"

"அவருகிட்ட நான் பேசிக்கிறேன். போன வருஷம் அவரும்தான் பாத்துக்கிட்டு இருந்தாரு, ஒரு வார்த்த சொன்னாரா?"

தட்டை என் முன்னால் வைத்தார். "நீ சாப்பிடு."

அன்று காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திராத அம்மா, என் தட்டு காலியாகும்வரை எதிரிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.