லிஃப்ட்காரரின் வைத்தியம்

லிஃப்ட் பழுது பார்ப்பவருக்கு லிஃப்டுக்குள் போகப் பயம் வந்துவிட்டது. கதவு மூடினால் நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும். பிழைப்புக்கே வேட்டு என்று கூட வேலை பார்க்கிறவர்கள் பேசிக்கொண்டார்கள். டாக்டரின் அறை ஐந்தாவது மாடியில். மனிதர் படியேறித்தான் போனார்.

டாக்டர் மாத்திரை எழுதவில்லை. "சாப்பாடு, தூக்கமெல்லாம் ஒழுங்கா இருக்கு. தினம் லிஃப்டுக்குள்ள கொஞ்ச நேரம் நில்லுங்க. முதல்ல கதவைத் திறந்து வெச்சு, அப்புறம் மூடி. துணைக்கு யாரையாவது கூட்டிக்கோங்க. குறையலைன்னா வாங்க" என்றார். ஏறி வந்த படிக்கு ஒரு டானிக்காவது தந்திருக்கலாம் என்று நம்மாளுக்குக் குறை.

துணைக்கு மனைவி போனார். எங்கள் குடியிருப்பு லிஃப்டில் இருவரும் எங்கேயும் போகாமல் கைகோத்து நிற்பார்கள். நாங்கள் காய்கறிப் பையோடு படியேறினோம். ஒரு மாதத்தில் பயம் போயே போய்விட்டது.

அதோடு விட்டாரா? தானே டாக்டராகிவிட்டார். யார் கவலை என்று வாயைத் திறந்தாலும், "டாக்டரெல்லாம் எதுக்கு? எது பயமோ அதுக்கு முன்னாடி போய் நில்லு" என்பார். மேனேஜரைக் கண்டால் நடுங்கும் ஒருவரை மேனேஜர் முன்னாலேயே கொண்டுபோய் நிறுத்தினார். அவருக்கு இப்போது வேறு கிளையில் வேலை.

இதற்கிடையில் அவர் மனைவிக்கு எதிலும் பிடிப்பில்லாமல் போனது. பால் பொங்கி வழிந்தாலும் பார்த்துக்கொண்டே இருப்பார். சாப்பாடு இறங்கவில்லை.

"எதுக்குமே மனசு வரலைங்க."

"பால்கனில போய் நில்லு, காத்து வாங்கு. சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு இவர் வேலைக்குக் கிளம்பினார். சாயங்காலம் வந்து பார்த்தால் அந்தம்மா பால்கனியிலேயே நிற்கிறார். முகம் வெயிலில் கன்றிப்போயிருந்தது.

"இன்னுமா நிக்கிற?"

"நீங்கதானே நிக்கச் சொன்னீங்க."

இவர் கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு, அதே டாக்டரிடம் அழைத்துப் போனார்.

டாக்டர் பொறுமையாகக் கேட்டார். இது தானாகச் சரியாகிற கட்டத்தைத் தாண்டிவிட்டது, மருந்தும் வேண்டும், வாராவாரம் வந்து பேசவும் வேண்டும் என்றார். பிறகு, எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டார்.

"இப்பத்தான் டாக்டர், ஒரு வாரமா" என்றார் கணவர்.

அந்தம்மா தலையசைத்து மறுத்தார்.

"இவருக்கு வர்றதுக்கு முன்னாடியே எனக்கு வந்துடுச்சு டாக்டர். இவருக்கு முதல்ல சரியாகட்டும்னு இருந்தேன்."