பதின்மூன்று கரண்டிவாயன்களும் ஒரு வெள்ளைத் துண்டும்

1958, வைகாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, விடிகாலை ஐந்து மணி. புதுக்கோட்டை பஸ் நிலையத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது, என் பயணத் தோழர் ஆரோக்கியசாமி மத்தியானத்துக்கென்று கட்டி வந்த இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து எட்டில் மூன்றை முடித்திருந்தார்.

"பசிச்ச வயித்தோட பறவையைப் பாத்தா எல்லாம் கறியாத்தான் தெரியும், வாத்தியாரே" என்று காரணம் சொன்னார்.

ஆரோக்கியசாமி திருச்சிக்காரர், கம்பவுண்டர். நான் கும்பகோணத்துக்காரன், உயர்நிலைப் பள்ளியில் டிராயிங் மாஸ்டர். மாற்றலாகி இந்த ஊருக்கு வந்து பத்து மாதமாகிறது. வந்த மூன்றாம் மாதமே பறவைப் பைத்தியம் பிடித்துவிட்டது. இந்தச் சீமையில் திரும்பின பக்கமெல்லாம் கண்மாய். கோடையில் தண்ணீர் வற்றி முழங்காலளவு ஆனதும் எங்கிருந்தோ நாரையும் கொக்கும் வந்து குவிகின்றன. ஞாயிறுதோறும் ஒரு கண்மாய் என்று கணக்கு வைத்துப் போய்க்கொண்டிருந்தேன். ஆரோக்கியசாமியை ஏன் கூட்டிப் போகிறேன் என்று கேட்பீர்கள். பைனாகுலர் அவருடையது. யுத்தத்திலிருந்து திரும்பிய ஒரு சிப்பாயிடம் வாங்கியது. இரண்டு குழலில் ஒன்றில்தான் தெரியும். மற்றதில் கடலை அளவுக்கு ஒரு பூசணம்.

முந்தின மாதம் அன்னவாசல் பக்கம் போயிருந்தோம். ஒரு மணி நேரம் புதரில் பதுங்கிக் கிடந்து, நாரைக் கூட்டம் கிட்டே வந்த சமயத்தில் இந்த மனிதர் "அந்தா! அந்தா!" என்று கத்தினார். நாரைகளோடு மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளும் ஓடிப்போயின. அன்றே ஒரு முடிவுக்கு வந்தேன். இனிமேல் கண்மாய்க் கரையில் வாயைத் திறக்கக் கூடாது. பேச்செல்லாம் துண்டால்தான். துண்டை ஒரு தடவை அசைத்தால் 'பார்', இரண்டு தடவை அசைத்தால் 'ஆடாதே', தலைக்கு மேலே சுழற்றினால் 'ஓடிவா'. சனிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தின் இரண்டு கோடியில் நின்று ஒத்திகையும் பார்த்தோம். காவலாளி எங்களைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமலே போய்விட்டார்.

அன்றைக்கு நாங்கள் தேடிப் போனது கரண்டிவாயன். வெள்ளை வெளேரென்று நாரை உயரம் இருக்கும். அலகு மட்டும் நுனியில் தட்டையாகி, சாம்பார்க் கரண்டி மாதிரி அகன்றிருக்கும். படத்தில்தான் பார்த்திருக்கிறேன். நேரில் பார்த்து வரைந்துவிட வேண்டும் என்பது என் ஆசை. அப்படி ஒரு பறவை இருப்பதாகவே ஆரோக்கியசாமி ஒப்புக்கொள்ளவில்லை. ஆண்டவருக்கு வேறு வேலையில்லையா என்று கேட்டார்.

5.20. பஸ் கிளம்பியது. நயா பைசா வந்து ஒரு வருஷம் ஆகியும் கண்டக்டர் அணாவில்தான் கேட்டார். வல்லத்திராக்கோட்டைக்கு ஆளுக்கு ஆறணா. எட்டு மைல் என்றார். வண்டி போன போக்கைப் பார்த்தால் எட்டு மைல் முன்னாலும் நாலு மைல் பக்கவாட்டிலுமாகப் போனது போலிருந்தது. உள்ளே கூட்டமோ கூட்டம். ஒவ்வொருவர் கையிலும் வலை, இல்லையென்றால் ஊத்தா. ஊத்தா என்பது மேலும் கீழும் திறந்த மூங்கில் கூடை. கலங்கின தண்ணீரில் அதைக் கவிழ்த்து, மேல்வாய் வழியாகக் கையை விட்டு மீனைப் பிடிப்பார்கள். பக்கத்தில் நின்ற அம்மாள் தன்னுடைய ஊத்தாவை என் மடியில் வைத்துவிட்டார்.

"செத்த புடிச்சுக்கங்க தம்பி. நீங்களும் மீன் புடிக்கத்தானே வாரீங்க?"

"இல்லீங்கம்மா. பறவை பாக்கப் போறோம்."

"புடிக்கவா?"

"சும்மா பாக்க."

அம்மாள் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு பின் ஸீட்டில் இருந்தவரிடம், "படிச்ச புள்ளையாட்டம் இருக்கு, பாவம்" என்றார்.

நாங்கள் போகிற அதே கண்மாயில் அன்றைக்கு மீன்பிடி என்பது அவர் சொல்லித்தான் தெரிந்தது. சுற்றுப்பட்டு ஊர்களில் எல்லாம் தமுக்குப் போட்டுச் சொல்லியிருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் இறங்கலாமாம். ஆனால் ஊர்த் தலைவரான அம்பலகாரர் சாமி கும்பிட்டுவிட்டு வந்து உத்தரவு கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் ஒருத்தர் கால் நனைக்கக் கூடாது.

"உத்தரவு எத்தனை மணிக்கு?" என்றேன்.

"ஒம்போதுக்கு மேல ஆகும்."

ஐந்நூறு பேர் கண்மாய்க்குள் இறங்கினால் அப்புறம் ஒரு காக்கைகூட மிஞ்சாது. கரண்டிவாயனுக்கு ஒன்பது மணி வரைதான் தவணை.

6.10. இறங்கினோம். அங்கிருந்து ஒன்றேகால் மைல் வண்டிப்பாதை. ஊர்ப் பெயரை நான் எழுதப் போவதில்லை. இன்னும் ஒரு தடவை அங்கே போகிற எண்ணம் இருக்கிறது.

6.40. ஊர் முகப்பில் எங்களை நிறுத்தியவர் அம்பலகாரரேதான். கருப்பையா அம்பலம் என்று பெயர். முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. அம்பலம் என்றதும் கிருதா மீசையை எதிர்பார்த்த எனக்கு, கல்யாண மாப்பிள்ளை போலப் புது வேட்டியில் வியர்த்துக்கொண்டு நின்றவரைப் பார்க்க ஆச்சரியமாக இருந்தது. விஷயத்தைச் சொன்னேன்.

"பறவைதானே, தாராளமாப் பாருங்க சார். அங்கிட்டு மடைகிட்டப் போய் நின்னா நல்லாத் தெரியும். நான் வாரதுக்குள்ள பாத்து முடிச்சிருங்க."

"மீன்பிடி வருஷா வருஷம் உண்டா?"

"எங்க அய்யா இருந்தவரைக்கும் உண்டு. அவுக போய் நாலு வருசமாச்சு. நாலு வருசமும் கம்மாய் ரொம்பலை. வெடிச்சுக் கெடந்துச்சு. இப்பத்தான் ரொம்பி வத்தியிருக்கு. நான் மொத மொத எறக்கி விடப்போறது இன்னைக்குத்தான் சார். அய்யா உத்தரவு கொடுத்தா சனம் மொத்தமும் ஒரே மூச்சுல எறங்கும். எனக்கு எப்படி எறங்குதோ தெரியலை."

"ஜமாய்ச்சிடுவீங்க" என்று தோளில் தட்டினேன். அந்தத் தட்டலை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

7.00. கண்மாய். நடுவில் அரை மைல் அகலத்துக்குத் தண்ணீர் பளபளத்தது. உள்ளான்கள், நீர்க்காகங்கள், நத்தைக்குத்தி நாரைகள். எதிர்க்கரையிலும் பக்கக் கரைகளிலும் கருவேல மரங்களுக்கு அடியில் சனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை கூட்டத்திலும் ஒரு சத்தம் இல்லை. எல்லோர் கண்ணும் எங்கள் கரைப் பக்கமே இருந்தது. பறவை பார்ப்பவனுக்கு வேண்டிய பொறுமை இவர்களுக்குப் பிறவியிலேயே இருக்கிறது என்று ஆரோக்கியசாமிக்கு ஒரு பிரசங்கம் செய்தேன். பைனாகுலரோடு அவரை முந்நூறு கஜம் தள்ளி ஒரு புதருக்குள் அனுப்பிவிட்டு, நான் மடைக்கு வந்தேன். வெள்ளை உடுத்திக்கொண்டு பறவை பார்க்கப் போகக் கூடாது என்பது எனக்குத் தெரியாததல்ல. வேறு நிறத்தில் என்னிடம் வேட்டி கிடையாது.

8.00 வரை ஒன்றும் இல்லை. 8.15க்கும் இல்லை. புதருக்குள்ளிருந்து துண்டு ஒரு தடவை அசைந்தது. பார்த்தேன். எருமை.

8.25. இடது பக்கத்து நாணல் ஓரத்திலிருந்து முதலில் ஒன்று வந்தது. தலையைக் குனிந்து, அலகைத் தண்ணீருக்குள் விட்டு, இப்படியும் அப்படியும் துழாவிக்கொண்டே நடந்தது. பின்னால் இன்னொன்று. அலகைத் தூக்கியபோது பார்த்தேன். கரண்டியேதான்! பதின்மூன்று எண்ணினேன். என் நெஞ்சு அடித்த அடியில் பறவைகள் பறந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. நன்றாகப் பார்க்க வேண்டுமே என்று மடையின் மேல் இருந்த பலகைக் கல்லில் மெல்ல ஏறி நின்றேன். ஆரோக்கியசாமிக்கு இதைக் காட்டாமல் விட்டால் என் ஜன்மம் வீண். தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்தேன். தலைக்கு மேலே தூக்கி மூன்று சுற்றுச் சுற்றினேன்.

ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த கணம் கண்மாயின் மற்ற மூன்று பக்கத்திலிருந்தும் "ஓ…!" என்று ஓர் ஆரவாரம் எழுந்தது. கருவேல மரங்கள் அத்தனையும் எழுந்து ஓடிவருவதாகவே நினைத்தேன். ஆண், பெண், கிழம், குஞ்சு என்று ஐந்நூறு பேர் வலையும் ஊத்தாவுமாகத் தண்ணீருக்குள் விழுந்தார்கள். முதல் வரிசையில் பஸ்ஸில் வந்த அம்மாள். பதின்மூன்று கரண்டிவாயன்களும் என் தலைக்கு மேலே பறந்து அறந்தாங்கித் திசையில் மறைந்தன. புதருக்குள்ளிருந்து ஆரோக்கியசாமி ஒத்திகை பார்த்தபடியே ஓடிவந்து, மூச்சு வாங்க, "எங்கே, எங்கே?" என்றார்.

என்ன செய்துவிட்டேன் என்று எனக்கு அப்போதும் புரியவில்லை. ஊர்ப் பக்கமிருந்து மேளச் சத்தம் வந்தது. மேளத்துக்குப் பின்னால் பூசாரி, அவர் கையில் ஒரு தட்டு, தட்டில் பூவும் விபூதியும், நாலாக மடித்த புது வெள்ளைத் துண்டு ஒன்றும். அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அந்த ஊரில் உத்தரவு என்றால் அதுதான். சாமி காலடியில் வைத்து எடுத்த துண்டை அம்பலகாரர் மடைக்கல்லில் ஏறி நின்று வீச வேண்டும். அவர் நிற்க வேண்டிய கல்லில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

8.40. மேளம் தானாகவே நின்றது. கருப்பையா அம்பலம் கண்மாயைப் பார்த்தார். சேறும் சனமுமாகக் கலங்கிக் கிடந்தது. ஒருத்தரும் தலை நிமிரவில்லை. விரால் சிக்கியவர்களுக்கு அம்பலகாரர் ஞாபகம் எங்கே வரப்போகிறது?

"யாரு துண்டு போட்டது?" என்றார் மெதுவாக.

"நான்தாங்க." கல்லை விட்டு இறங்கினேன். "இவருக்கு ஜாடை காட்டினேன். உங்க ஊர் வழக்கம் எனக்குத் தெரியாது."

"என்ன ஜாடை?"

"கரண்டிவாயன்."

"அது என்னது?"

"பறவைங்க. பதின்மூணு இருந்தது."

பூசாரிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "பதிமூணு கொக்குக்காகச் சாமி உத்தரவைத் தூக்கி வீசிட்டாகளே! இவுகளைக் கட்டிவச்சுக் கேக்கணும் அம்பலம்" என்று குதித்தார். கட்டிவைத்துக் கேட்டிருந்தால்கூட எனக்குத் தேவலை. அம்பலம் மடைக்கல்லில் உட்கார்ந்தார்.

"ராத்திரிப் பூரா தூங்கலை சார். எந்தக் கையால வீசுறதுன்னு ரோசனை. வலது கையின்னு முடிவு பண்ணவே விடிஞ்சு போச்சு" என்றார். கோபமே இல்லாமல்தான் சொன்னார்.

பத்தொன்பது வருஷமாகப் பிள்ளைகளை அதட்டி வந்த எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அப்பா போனதிலிருந்து அவர் காத்திருந்த நாலு வருஷத்தையும் ஒரு துண்டைச் சுற்றி நான் வழித்துவிட்டது போலிருந்தது. இனி எப்போது கண்மாய் நிரம்பி, எப்போது வற்றுமோ. மன்னிப்புக் கேட்டேன். "அட, நீங்க என்ன செய்வீங்க" என்றார். அது இன்னும் மோசமாக இருந்தது.

அப்போதுதான் ஆரோக்கியசாமி, வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, உருப்படியாகப் பேசினார்.

"அம்பலம், நாங்க ரெண்டு பேரும் இன்னும் எறங்கலீங்களே. உத்தரவு இல்லாம எப்படி எறங்குறது?"

அம்பலம் அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் ஜன்மத்தில் மீனைத் தொட்டதில்லை என்பது என் முகத்தில் எழுதி ஒட்டியிருந்திருக்க வேண்டும். ஆனாலும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீர் ஓரத்தில் போய் நின்றேன். ஆரோக்கியசாமி கழுத்தில் பைனாகுலரோடு பக்கத்தில் நின்றார்.

பூசாரி வேண்டாவெறுப்பாகத் தட்டை நீட்டினார். அம்பலம் விபூதி பூசி, துண்டை எடுத்து உதறி, கல்லில் ஏறினார். ஒரு தடவை ஊர்க் கோயில் பக்கம் பார்த்துக்கொண்டார். வலது கையை உயர்த்தினார். மேளக்காரர் என்ன நினைத்தாரோ, ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். துண்டு சுழன்றது.

"ஓ…!" என்று நாங்கள் இரண்டு பேரும் எங்களால் முடிந்த மட்டும் கத்திக்கொண்டு உள்ளே விழுந்தோம். மகாமகக் குளத்தில்கூட நான் இவ்வளவு பக்தியோடு இறங்கியதில்லை. முழங்கால் வரை சேறு இழுத்தது. "பாத்து சார், அங்கிட்டுப் பள்ளம்!" என்று மேலேயிருந்து அம்பலத்தின் சத்தம் வந்தது. திரும்பிப் பார்த்தேன். தண்ணீர் எங்கள் இடுப்புக்கு வந்துவிட்டது. அம்பலம் இன்னும் துண்டை இறக்கவில்லை, சுற்றிக்கொண்டே இருந்தார்.