நூற்று நாற்பது டிகிரி

தொண்ணூறுகளின் கடைசியில் கல்கத்தாவில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். மாணவி என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருக்கும். லேக் கார்டன்ஸ் வீட்டில் நாலு வயது மகள் இருந்தாள். செம்புக் கம்பியில் மின்சாரத்தை விட்டுவிட்டுப் பாய்ச்சி, பிறகு அதை வெட்டி, மெருகேற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பது என் வேலை. இழுத்து நீட்டிய கம்பிக்குள் உலோகத்தின் படிகங்கள் நசுங்கி நீளநீளமாகக் கிடக்கும். நன்றாகச் சூடேற்றினால் அவை போய்ப் புதிய உருண்டைப் படிகங்கள் முளைக்கும். நூற்று நாற்பது டிகிரி உலையில் வைத்தால் ஒன்றும் நடக்காது. அதே நூற்று நாற்பதில் மின்சாரம் பாய்ச்சியபோது முளைத்தன. சூட்டால் ஆகாததை மின்சாரம் செய்கிறது என்பதுதான் என் மூன்று வருட ஆய்வு.

கார்டன் ரீச் ரயில்வே ஆபீஸில் இருந்த கணவருக்கு விசாகப்பட்டினத்துக்கு மாற்றல் வந்தது. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டால் மூவரும் சேர்ந்தே கிளம்பலாம்.

கடைசிச் சோதனைகளில் மின்னழுத்தம் அளக்கும் ஒயரைக் கம்பியோடு ஈயத்தால் பற்றவைத்தோம். இரண்டு தடவையும் ஒயர் கழன்று விழுந்தது. பற்றவைத்த லேப் உதவியாளர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அதையும் பார்க்காமல் அவரைக் கடிந்துகொண்டேன். மூன்றாம் தடவை அவர் கம்பியை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“பத்தவெச்சது விடல, திதி. ஈயம் உருகி ஓடியிருக்கு, பாருங்க” என்றார் வங்க மொழியில். திதி என்றால் அக்கா.

அந்த ஈயம் நூற்று எண்பதுக்கு மேல்தான் உருகும். கம்பியின் சூட்டைக் காட்டும் மீட்டரோ நூற்று நாற்பது காட்டியது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

வெப்பம் அளக்கும் முனை கம்பியைத் தொட்டால் மின்சாரம் மீட்டருக்குள் புகுந்து எண்கள் தாறுமாறாக ஓடும். அதனால் முதல் வருடமே நடுவில் ஒரு மைக்காத் துணுக்கைச் செருகியிருந்தேன். மின்சாரத்தோடு சூட்டையும் அது தடுத்து, மீட்டரைக் குறைத்துக் காட்ட வைத்திருக்கிறது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு அப்படியே மறந்துபோனேன்.

வீட்டில் சொன்னதும் கணவர் கேட்டார்: “உங்க கைடு சார் கண்டுபிடிச்சாரா?”

“இல்ல.”

“அப்புறம் நீயே ஏன் போய் மாட்டிக்கிற? கொடுத்துட்டு வந்துடேன்.”

அவர்மேல் எரிச்சல் வந்தது. அதே யோசனை பஸ்ஸில் வரும்போது எனக்கும் வந்திருந்ததால் கொஞ்சம் அதிகமாகவே வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்கிறீர்களா என்று கத்திவிட்டு, மறுநாள் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. மைக்காவை எடுத்துவிட்டு, மின்சாரத்தை நிறுத்திய அந்தக் கணத்திலேயே அளக்கச் சொன்னார்.

உண்மைச் சூடு இருநூறைத் தாண்டியிருந்தது. உலையிலும் அதே சூட்டில், அதே அளவு நேரம் இன்னொரு கம்பியை வைத்து, இரண்டையும் படமெடுத்தேன். அவசரத்தில் படங்களின் பின்னால் எது எது என்று எழுதவில்லை. எழுதுவானேன், மூன்று வருடமாகப் பார்க்கிறேன், எனக்குத் தெரியாதா என்று நினைத்தேன். மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இடம் மாற்றி வைத்தும் பார்த்தேன். எது மின்சாரம், எது உலை என்று என்னால் சொல்ல முடியவில்லை. படிகங்களை முளைக்க வைத்தது வெறும் சூடுதான். உதவியாளர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அழுதேன்.

ஆய்வை முதலிலிருந்து தொடங்க வேண்டும். இன்னும் இரண்டு வருடமாவது ஆகும். அன்று சாயங்காலம் கணவர் மாற்றலுக்கான ரயில் பாஸ் விண்ணப்பத்தை எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“என் பேரை எழுதாதீங்க” என்றேன். “உங்க பேரும் பாப்பா பேரும் போதும்.”