கஞ்சியம்மாவின் குரூப்

சலவையகத்தின் மடிப்பறையில் எல்லாருடைய கைப்பேசிகளும் ஒரே நேரத்தில் சிணுங்கின. அதைத் தொடர்ந்து கொல்லென்று ஒரு சிரிப்பு.

"முதலாளி மறுபடியும் கட்டுரை எழுதிட்டாரு!" என்று ஒரு குரல் சுவரைத் தாண்டி வந்தது. அது வண்டி ஓட்டுகிற புயலின் குரல். எந்த வேலையும் ஆமை வேகம்தான் என்பதால் அவனுக்கு அந்தப் பட்டம்.

அலுவலக அறையில் இருந்த கஞ்சியம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மேசைக்கு அடியில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்த கைப்பேசியை அவள் கணவர் அவசரமாகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். எதிரே மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த பெண் புன்னகைத்தாள். நிறுவனங்களுக்கு அரட்டைச் செயலிகளை அமைத்துக் கொடுப்பது அவள் வேலை.

"இதைத்தான் சார் சொல்றேன். வேலை, விசேஷம், குட்மார்னிங் எல்லாம் ஒரே குரூப்ல கொட்டுது. எது அவசரம்னு யாருக்குத் தெரியும்?"

அவள் சொன்னதில் தப்பில்லை. போன வாரம்தான் மானம் கப்பலேறியிருந்தது. ஆஸ்பத்திரி மூட்டையை முதலில் இறக்கச் சொன்ன செய்தி, ரோஜாப்பூப் படங்களுக்கும் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் நடுவே எங்கோ அமுங்கிப்போனது. புயல் மூட்டைகளை மாற்றி இறக்கிவிட்டான். ஓட்டலில் குளித்துவிட்டு வந்த ஒரு பெரிய மனிதர், துவாலைக்குப் பதில் ஆபரேஷன் அங்கியைக் கட்டிக்கொண்டு வரவேற்பறைக்கே வந்து சண்டை போட்டார். அன்றைக்கே முதலாளி முடிவு செய்துவிட்டார், பழைய குரூப்பை மூடிவிட்டுப் புதிதாக ஒன்றைப் போட வேண்டும் என்று.

அந்த முடிவைக் கேட்டதிலிருந்து கஞ்சியம்மாவுக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை.

இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது பின்கட்டில் ஒரே ஒரு துணி துவைக்கும் இயந்திரம்தான் இருந்தது. ஓட்டல் கைத்துண்டுகளுக்கு அவள் போடும் கஞ்சியில் துணி விறைத்துக் காகிதக் கப்பல் மாதிரி நிற்கும். யாரோ ஒரு சமையல்காரர் வேடிக்கையாகக் 'கஞ்சியம்மா' என்று கூப்பிட்டது ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயர் வங்கியில் கையெழுத்துப் போடும்போது மட்டும்தான் நினைவுக்கு வரும். ஆவியிலும் வெந்நீரிலும் கைகள் வெந்து சிவந்து, தொழில் வளர்ந்து, கூடம் வளர்ந்து, கூடவே ஒரு மகளும் வளர்ந்தாள்.

மகள் படிப்பை முடிப்பதற்குள் அப்பா ஆசை ஆசையாகப் பெயர்ப்பலகையை மாற்றி எழுதிவிட்டார், 'அப்பாவும் மகளும் சலவையகம்' என்று. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஊரார் அழுக்கைத் துவைச்சே என் ஆயுசும் போகணுமாப்பா?" என்றாள் அவள்.

"அந்த அழுக்குதான்டி உன்னைப் படிக்க வெச்சுது! போறதுன்னா ஒரேயடியாப் போ!"

போய்விட்டாள். துறைமுக ஊரில் ஏதோ வேலை. அம்மா தொலைபேசியில் அழைத்தபோது முதல் தடவை மட்டும் எடுத்தாள். "அம்மா, உன் குரலைக் கேட்டா நான் பெட்டியைத் தூக்கிட்டுத் திரும்பி வந்துடுவேன். அப்பா அப்படிச் சொன்னப்புறம் வரக்கூடாது. கூப்பிடாதம்மா." அதற்குப் பிறகு மணி அடித்து அடித்து ஓய்ந்ததுதான் மிச்சம். வீட்டில் அவளைப் பற்றிப் பேச்செடுத்தால் கணவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வருஷங்கள் ஓடின.

ஆனால் மகள் ஒரு இடத்திலிருந்து மட்டும் வெளியேறவில்லை. வேலைக்காரர்களுக்காக அந்த குரூப்பை உண்டாக்கியதே அவள்தான். யாரையாவது நீக்குகிற அதிகாரமும் அவளிடம்தான் இருந்தது. வீட்டை விட்டுப் போனவள் குரூப்பை விட்டுப் போகவில்லை. ஒரு எழுத்துப் பேசியதுமில்லை.

கஞ்சியம்மா தினமும் அதில் எதையாவது எழுதுவாள். நாளைக்குத் தண்ணீர் வராது. சோப்பு டின்னை மூடி வையுங்கள். எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து, யார் யார் படித்தார்கள் என்று தட்டிப் பார்ப்பாள். வரிசையில் மகளின் சின்ன வட்டப்படம் வந்து நிற்கும். படித்துவிட்டாள். அப்படியென்றால் கையும் கண்ணும் நன்றாக இருக்கின்றன. ஒரு தாய்க்கு அன்றைய இரவு தூங்க அது போதும். வேலைக்காரர்கள் எல்லாரும் புதிய செயலிக்குப் போய்விட்டால் அந்த குரூப்பில் யாருக்கு என்ன எழுதுவது? சோப்பு டின்னைப் பற்றி யாரிடம் சொல்வது?

"மூணு செயலி காட்டறேன்மா, உங்களுக்கு எது தோதுன்னு சொல்லுங்க" என்றாள் வந்த பெண்.

முதலாவதில் பொத்தான்கள் கொட்டிக் கிடந்தன. மூன்றாவது, ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் சிக்னல் இல்லையென்றால் படுத்துவிடும். இரண்டாவதுதான் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருந்தது. ஓட்டலுக்கு ஒரு அறை, ஆஸ்பத்திரிக்கு ஒரு அறை. ஈரக் கையோடு தட்டச்சு செய்ய வேண்டாம், பேசினால் போதும். கஞ்சியம்மாவுக்கு அது புரிந்தது. புரிந்ததாலேயே குறை தேட ஆரம்பித்தாள்.

"எழுத்து பொடிசா இருக்கு."

"பெரிசு பண்ணிக்கலாம்மா."

"கலர் கண்ணைக் கூசுது."

"மாத்திக்கலாம்மா."

"சத்தம் நல்லாவே இல்ல. பழசே இருந்துட்டுப் போகட்டுமே!"

கணவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "பொண்ணு பார்க்க வந்த மாதிரி இத்தனை நொட்டை சொல்றே?"

வந்தவள் பழைய குரூப்பின் ஆட்களைச் சரிபார்த்தாள். "சார், நீங்க கொடுத்த பேருங்களைவிட இதுல ஒருத்தர் கூடுதலா இருக்காங்களே. இவங்க யாரு? இவங்களுக்கும் கணக்குத் தொடங்கணுமா?"

கஞ்சியம்மா கணவரைப் பார்த்தாள்.

"அது... யாருமில்ல" என்றார் கணவர்.

கஞ்சியம்மா வாயைத் திறப்பதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு புயல் வந்து நின்றான்.

"முதலாளி, இப்போ எழுதினீங்களே, 'துறைமுகத்துப் பக்கம் மழை பலமா இருக்காம், வெளியே போறவங்க குடை எடுத்துக்கோங்க, நனைஞ்ச தலையோட தூங்காதீங்க'ன்னு... நமக்கு அந்த ஊர்ல ஒரு வாடிக்கைக்காரர்கூடக் கிடையாதே! போன மாசம் அங்க காய்ச்சல் பரவுதுன்னு எழுதினீங்க. யாருக்கு முதலாளி இதெல்லாம்? எனக்கா? எனக்குத் தலையில முடியே இல்ல!"

அவன் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை. அவன் சிரிப்பும் பாதியில் நின்றது.

முதலாளி எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அகன்ற முதுகு லேசாகக் குலுங்கியது.

அட பாவி மனுஷா! இத்தனை வருஷம் ஒரே தலையணையில் தலை வைத்துப் படுத்தும் எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று கஞ்சியம்மாவின் நெஞ்சு விம்மியது. இரும்பு என்று நினைத்து ஒதுங்கியிருந்த மனிதர், அவளைப் போலவே அந்த ஓட்டை வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"எங்க பொண்ணும்மா அது" என்றாள் வந்தவளிடம். "உன் வயசுதான் இருக்கும்."

வந்தவள் மெல்லச் சொன்னாள். "இரண்டாவது செயலியில வெளியாளையும் விருந்தாளியாச் சேர்க்கலாம்மா. அழைப்பு அனுப்பணும். அவங்க சரின்னு அழுத்தினா உள்ளே வருவாங்க."

"அழுத்தலைன்னா?" என்றாள் கஞ்சியம்மா.

பழையதில் யாரும் மகளை எதுவும் கேட்டதில்லை. அதனால் அவளும் முடியாது என்று சொன்னதில்லை. இப்போது கேட்டாக வேண்டும்.

"அனுப்பும்மா" என்றார் கணவர், ஜன்னலைப் பார்த்தபடியே. "கேக்காம பலகை எழுதினவன் நான். இதையாவது கேட்டுடறேன்."

அழைப்பு போயிற்று. பழைய குரூப்பில் அவர் எழுதினார்: 'எல்லாரும் புதிய செயலிக்கு மாறவும். இது இன்றோடு மூடப்படும்.' மறுபடியும் சுவருக்கு அப்பால் கைப்பேசிகள் சிணுங்கின. இரண்டாவது செயலியில் வேலைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். விருந்தாளி வரவில்லை. கஞ்சியம்மா கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பழைய குரூப்பில் மகளின் பெயருக்குக் கீழே புள்ளிகள் துடித்தன. நின்றன. மீண்டும் துடித்தன.

'புதுசு எனக்கு வேணாம்மா. அங்க நான் வேலை செய்யலையே. இதை மூடாதீங்கப்பா. நான் மட்டும் இதுலயே இருந்துக்கட்டுமா?'

கஞ்சியம்மா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். கணவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார்.

மடிப்பறையில் பேச்சுச் சத்தம் அடங்கிப்போனது. அங்கேயும் எல்லாரும் படித்திருந்தார்கள். கதவருகே நின்ற புயல் தன் கைப்பேசியை எடுத்து எதையோ அழுத்தினான். அவன் வெளியேறியதாக ஒரு சின்ன வரி வந்தது. வாழ்க்கையில் அவன் வேகமாகச் செய்த வேலை அது ஒன்றுதான். பிறகு இஸ்திரிக்காரர் வெளியேறினார். மடிக்கிற அக்காமார்கள் ஒருவர் பின் ஒருவராக வெளியேறினார்கள். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. கடைசியில் அந்த குரூப்பில் மூன்று பேர்தான் இருந்தார்கள்.

புயல் பூனை மாதிரி நழுவினான். வந்த பெண் மடிக்கணினியைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள். "புதுசு நாளையிலிருந்து ஓடும்மா. ஏதாவதுன்னா கூப்பிடுங்க. அவங்களுக்கு ஏதாவது எழுதுங்க, காத்துட்டிருப்பாங்க."

"என்னன்னு எழுதறது கண்ணு? இத்தனை நாள் தண்ணி வராது, கரண்ட் வராதுன்னுதானே எழுதினேன். பொண்ணுகிட்ட பேசவே மறந்துபோச்சு."

அந்தப் பெண் கஞ்சியம்மாவின் வெந்து தடித்த விரல்களை ஒரு முறை அழுத்திப் பிடித்தாள். "வரேம்மா. வரேன் சார்" என்று கிளம்பினாள். இயந்திரங்களின் இரைச்சல் திறந்த கதவு வழியே அறைக்குள் புகுந்தது. கணவர் தன் நாற்காலியை இழுத்து மனைவியின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். பிறகு கைப்பேசியை இருவருக்கும் நடுவே வைத்துவிட்டு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.